தொட்டால் கருகும்

தொட்டியைச் சாய்த்துவிட்டேன், மண்தான் வரமாட்டேன் என்கிறது. விளிம்பில் உள்ளங்கையால் தட்டுகிறேன், பக்கவாட்டில் தட்டுகிறேன், கொஞ்சம் திட்டவும் செய்கிறேன், அசையக் காணோம். இவ்வளவு பிடிவாதம் உள்ள செடிக்கு வாடத் தெரிந்ததே பெரிய விஷயம். குழாயில் தென்னங்கயிறு சுற்றி ஏற்றிவிட்டு, அது பற்றி, பால்கனிக் கம்பியெல்லாம் படர்ந்து, மாடியேறி வருகிறவர்களெல்லாம் வெத்தலையா, நாலு இலை குடுங்க என்று வாங்கிப்போன கொடி, இப்போது பிழியாமல் காயப்போட்ட துணி மாதிரி தொங்குகிறது. தனம் மதினி சோழவந்தானில் பஸ் ஏறியாயிற்று. இவர் வண்டியை எடுத்துக்கொண்டு விளாங்குடி ஸ்டாப்பிங்குக்குப் போயாயிற்று, அக்காவைக் கூட்டிவர, வரும் வழியில் ஜாங்கிரி வாங்க. மனிதருக்கு வாயெல்லாம் பல். மகள் பெரியமனுஷி ஆகிவிட்டாள். அந்தப் பெரியமனுஷி உள்ளறையில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அழுகிறாள், வயிற்றுவலிக்காக இல்லை, இந்தக் கொடிக்காக. அவர்கள் படியேறுவதற்குள் இது ஏன் வாடியது என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது, தேன்மொழி அதை நம்ப வேண்டும். மதினி வந்து பால்கனியை ஒரு பார்வை பார்த்து, அடி ஆத்தீ, தொட்டுட்டாளா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது, அதற்குப் பிறகு நான் தலைகீழாக நின்றாலும் அவள் காதில் ஏறாது. வா, மண்ணே, வந்து தொலை.

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். "அம்மா, வெத்தலக் கொடிய நான்தாம்மா கொன்னுட்டேன்." முதல் வார்த்தையே அதுதான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பந்தை எறிந்து தொட்டியை உடைத்திருப்பாள் என்று நினைத்து, கொன்னா கொன்னுட்டுப் போ, பல்லு விளக்குனியா என்றேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அந்தச் சத்தம் அடங்கியதும்தான் விம்மல் கேட்டது. புதன்கிழமையே வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாக இருந்தபோது. எங்கள் ஜெராக்ஸ் கடை இந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், ஒரு போன் போட்டிருந்தால் போட்டது போட்டபடி ஓடி வந்திருப்பேன், போடவில்லை. என் அலமாரியிலிருந்து நாப்கினை எடுத்து, உறையில் போட்டிருந்த படத்தைப் பார்த்து அவளாகவே வைத்துக்கொண்டிருக்கிறாள். அதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. போன வருஷமே உட்காரவைத்து எல்லாம் சொல்லியிருந்தேன், ரத்தம் வரும், வலிக்கும், பயப்படாதே, எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான். இத்தனையும் சொன்னவளுக்கு வெற்றிலைக் கொடியைப் பற்றியும் ஒரு பாடம் எடுக்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்? கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. அன்று சாயங்காலமும் ஊற்றியிருக்கிறாள், வழக்கம்போல இலையைத் துடைத்துவிட்டிருக்கிறாள், அதற்கப்புறம்தான் அத்தை சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இலை தொங்கியதும் தீர்ப்பு எழுதிவிட்டாள். அன்றிலிருந்து என் பிள்ளை கொலை செய்தவள் மாதிரி வீட்டுக்குள் நடமாடியிருக்கிறது, நான் கணக்குப் பரீட்சைத் தாள் கொடுத்தாச்சா என்று நச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னேன், "ஏய் லூசு, எல்லா மாசமும் அந்த நாள்லயும் நான் இலை பறிச்சிருக்கேன், ரசம் வெச்சிருக்கேன், நீயும்தான குடிச்ச, கொடி செத்துச்சா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "ஒனக்குப் பழகிப்போச்சும்மா. எனக்கு இதான மொத தடவ. மொத தடவதான் ரொம்ப ஆகாதுன்னு அத்தை சொன்னாங்கள்ல." இவளை வக்கீலுக்குத்தான் படிக்கவைக்க வேண்டும்.

மதினி கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி, ஒரு சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், இன்றைக்கும் வரும்போது தம்பிக்கென்று கொழுந்து இலையாகப் பார்த்துப் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவார். இந்தக் கொடியையும் அவர்தான் கொண்டுவந்தார், போன ஆவணியில், வாழைமட்டைக்குள் வைத்துக் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு. அவர்களுடைய அப்பா கொடிக்கால்காரர், சோழவந்தானில் வயலையொட்டி வெற்றிலைத் தோட்டம், அகத்தி மரத்தில் கொடி ஏற்றி வரிசை வரிசையாக, உள்ளே போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கோயில் மாதிரி. கணுவை மண்ணுக்குள் புதைக்க வேண்டும், நுனி வெளியே நிற்க வேண்டும், உச்சி வெயில் படக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தி என்ன, தேன்மொழி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் தண்ணீர்க் குவளையோடு நின்றாள். "வாசுகி, அந்த மூணு நாளு இதுகிட்ட வந்துறாத. தீட்டுப் பட்டா கருகிரும். அதுலயும் மொத தீட்டு இருக்கே, தாங்கவே தாங்காது. நான் சமஞ்ச அன்னைக்கு எனக்கே தெரியாம எங்கப்பாவுக்குச் சோறு கொண்டுக்கிட்டுக் கொடிக்காலுக்குள்ள போயிட்டேன். அந்த வாரமே ரெண்டு வரிச அம்புட்டும் கருகிப்போச்சு. எங்கப்பா என்னைய ஒரு வார்த்த கேக்கல. அன்னையிலருந்து நான் உள்ள கால் வெச்சதே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். தன் உயரம் இவ்வளவு, தன் செருப்பு அளவு இவ்வளவு என்று சொல்வதுபோல, நான் இரண்டு வரிசைக் கொடியைக் கருக்கியவள் என்று சொன்னார். அதற்குப் பிறகு மழை வெயிலில் எத்தனை கொடிக்கால் கருகியிருக்கும், பூச்சி விழுந்திருக்கும், வாய்க்காலில் தண்ணீர் நின்றிருக்கும், அதையெல்லாம் யார் கணக்கில் எழுதினார்கள்? ஒரு வரப்பைத் தாண்டாமலே ஒரு பெண் ஆயுசைக் கழித்திருக்கிறார், வரப்புக்கு வெளியே நின்று அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கை நீட்டியிருக்கிறார். எனக்கு இருக்கிற பயம் இதுதான், வேறு ஒன்றும் இல்லை. என் தேன்மொழி ஐம்பது வயதில் எங்கோ ஒரு பால்கனியில் உட்கார்ந்து, நான் மொத தடவ தொட்டதுமே கொடி செத்துப்போச்சு என்று யாருக்காவது சிரித்துக்கொண்டே சொல்லுவாளே, அந்தச் சிரிப்பை நான் இப்போதே பார்க்கிறேன். அதை நடக்க விடமாட்டேன்.

இன்னொன்றும் நடக்கப்போகிறது, தெரியும். மதினி ஜாங்கிரியைத் தின்றுகொண்டே, பிளெக்ஸ் நம்ம கடையிலயே அடிச்சுரலாம்ல என்று கேட்பார். எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு டிசைன் தயாராகக் கிடக்கிறது, இரண்டு பக்கமும் மயில், நடுவில் தாமரை, மேலே பூப்புனித நீராட்டு விழா, கீழே தாய்மாமன்மார்கள் கூலிங்கிளாஸோடு. பேரையும் போட்டோவையும் மட்டும் மாத்திக் குடுங்கக்கா என்பார்கள். மாற்றிக் கொடுத்திருக்கிறேன், எத்தனையோ பிள்ளைகளுக்கு. அந்தப் பிள்ளைகளெல்லாம் அந்த நேரத்தில் எந்த அறையில் எந்தக் கொடியை நினைத்து அழுதுகொண்டிருந்தார்களோ. பிளெக்ஸ் கிடையாது மதினி என்று சொல்ல வேண்டும், சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், களியும் நல்லெண்ணெயும் குடுங்க, அது உடம்புக்கு நல்லது, தனியா உக்காரவெக்கிறது மட்டும் வேணாம். சொல்லிவிடுவேன். இவர் கூரையைப் பார்ப்பார். பார்க்கட்டும். ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தொட்டி ஓரமாகச் சுற்றிலும் குத்துகிறேன், இந்தா, நகருகிறது, இன்னும் கொஞ்சம், பொத்தென்று மொத்தமும் செய்தித்தாளில் விழுந்தது. ஐயோ, என்ன நாற்றம். சாக்கடை மாதிரி. மண்ணா இது, களிம்பு. வேரைப் பிடித்தால் தோல் கையோடு உரிந்து வருகிறது, உள்ளே நூல் மட்டும் நிற்கிறது. அழுகல். தண்ணீர் நின்று அழுகியிருக்கிறது. எப்படி நிற்கும், அடியில் மூன்று ஓட்டை இருக்கிறதே? தொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறேன். ஓட்டை எங்கே? வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, விரலால் தடவி அழகு பார்த்து அடைத்திருக்கிறது. வெள்ளை சிமெண்ட்.

இவர்தான். வேறு யார். போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு பேங்க்காரர் மேலே வந்து, உங்க செடித் தண்ணி எங்க சட்டையில சொட்டுது சார் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் இவர் பழைய கரண்டியில் எதையோ குழைத்து முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார், "இனிமே ஒரு சொட்டு கீழ விழாது பாரு" என்று மார் தட்டிக்கொண்டார். குழாயடியைத்தான் பூசியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு சொட்டு விழவில்லைதான், சார், அவ்வளவு சொட்டும் உள்ளேயே நின்று செடியைக் கொன்றுவிட்டது. அங்கே ஒருத்தர் ஜாங்கிரி வாங்குகிறார், இங்கே ஒருத்தி பழியைச் சுமக்கிறாள். வரட்டும், வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் கோபத்தை மீறி ஒரு சந்தோஷம், உண்மை கிடைத்துவிட்டது, கையில் பிடித்துக் காட்டலாம், முகர்ந்து பார்க்கச் சொல்லலாம். தொட்டியையும் ஒரு கை அழுகிய வேரையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். "எந்திரி தேனு, பாரு, உங்கப்பா பண்ணுன வேலைய." போர்வையை விலக்கி உட்கார்ந்தாள். மூக்கைச் சுளித்தாள். குனிந்து பார்த்தாள், ஆனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், வேரில் பட்டுவிடாமல். "அப்பா அடைச்சது போன ஞாயித்துக்கெழம." "ஆமா." "புதன் வரைக்கும் நல்லாத்தானம்மா இருந்துச்சு." "வேர் அழுகுறது வெளிய தெரிய நாளாகும்டி." அடைத்திருந்த ஓட்டைகளைத் தொடாமல் எண்ணிப் பார்த்தாள். "அப்ப, பாதி அப்பா, பாதி நான்." பங்கு பிரித்துவிட்டாள். அப்பாவுக்குக்கூட முழுசாக விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

மறுபடி பால்கனி. நுனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிற பகுதி மட்டும் இன்னும் பச்சையாக நிற்கிறது, கீழே செத்த சேதி மேலே இருப்பவருக்கு இன்னும் போகவில்லை. அதில் நல்ல இலையாக இரண்டைக் கிள்ளினேன், சமையலறைக்குப் போய் விளக்கெண்ணெய் தடவி அடுப்பில் வாட்டி எடுத்துவந்து அவள் அடிவயிற்றில் போட்டேன். "வேணாம்மா, அதுவும் கருகிரும்" என்று சுருண்டாள். "அடுப்புலயே கருகல, ஒன் வயித்துலயா கருகப்போகுது, பேசாமப் படு." கொஞ்சம் இதமாக இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள். கைக்குழந்தையாக இருந்தபோது வெளிக்குப் போகாமல் முக்கினால் வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தொட்டு வைத்தது இவளுக்குத்தான், சளி கட்டினால் இதே மாதிரி இலையை வாட்டி நெஞ்சில் ஒட்டியதும் இவளுக்குத்தான். பிறந்ததிலிருந்து இந்த இலைக்கும் இந்த உடம்புக்கும் பழக்கம், நேற்று வந்த ரத்தம் என்ன அதற்குள் இரண்டு பேரையும் விரோதியாக்குவது. கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டேன். பச்சையான பகுதியில் கணுவுக்குக் கீழே பார்த்து வெட்டினேன், மூன்று கணு உள்ள துண்டு, ஒவ்வொரு கணுவிலும் பூனை மீசை மாதிரி சின்னச் சின்ன வேர் ஏற்கெனவே எட்டிப்பார்க்கிறது. வெட்டிய இடத்தில் அந்தக் காரமான வாசனை, மூக்கில் ஏறி மண்ணின் நாற்றத்தை விரட்டியது. பழைய பெயிண்ட் வாளியில் சூடு காட்டிய ஸ்குரூ டிரைவரால் ஓட்டை போட்டேன், ஒன்று, இரண்டு, கோபத்தில் ஏழெட்டு விழுந்துவிட்டது, சொட்டட்டும், பேங்க்காரர் சட்டையைக் கொஞ்சம் தள்ளிக் காயப்போடட்டும். புது மண், கொஞ்சம் மணல், தொழுவுரம். எல்லாம் தயார். இதை யார் நடுவது?

நான் நட்டால் பிழைக்கும், பெரும்பாலும் பிழைக்கும். பிழைத்தால் என்ன சொல்லுவாள், அம்மா வெச்சது, அதான் பொழச்சுச்சு. அவள் நட்டால்தான் பிரயோஜனம், இன்றைக்கே, இந்த நாளிலேயே, அவள் கையால். அவள் நட்டுத் துளிர்விட்டால் மதினியின் இரண்டு வரிசையும் ஒரேயடியாகப் பொய்யாகிப்போகும். ஆனால் நட்டு அழுகிவிட்டால்? ஏற்கெனவே வாட்டம் கண்ட கொடி, வேரிலிருந்து மேலே எதுவரை அழுகல் ஏறியிருக்கிறதோ, யாருக்குத் தெரியும். வெயில் வேறு. அழுகிவிட்டால் அவ்வளவுதான், இரண்டாவது தடவையும் அவள் தொட்டுச் செத்தது என்று ஆகிவிடும், பாதி அப்பாவும் கழன்றுகொள்வார், முழுசும் அவள் தலையில். வேண்டாம், நான் நடுகிறேன். நான் நட்டால் அம்மா வெச்சது. அவள் நட்டால், அழுகினால். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கிறேன், கையில் துண்டு வாடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு வழி இருக்கிறது. பைபாஸ் ரோட்டு நர்சரியில் இதே வெற்றிலைக் கன்று பையில் வைத்து விற்கிறான். அவள் நடட்டும். அழுகுகிற மாதிரி தெரிந்தால் அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் பிடுங்கிவிட்டு அதை வைத்துவிடலாம். அச்சு அசலாக இருக்கும். ஜெராக்ஸ் கடைக்காரிக்கு இது தெரியாதா? நல்ல யோசனையாகத்தான் பட்டது, சிரிப்புக்கூட வந்தது. ஆனால் மதினி அடுத்த தடவை வந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் போதும், இது நம்ம கொடி இல்லையே என்று சொல்லிவிடுவார், கொடிக்கால் மூக்கு அது. அன்றைக்குத் தேன்மொழி என்னை ஒரு பார்வை பார்ப்பாளே. அப்ப அது செத்துத்தான் போச்சா? ஏம்மா மாத்துன? நீயும்தான நம்புன?

நீயும்தான நம்புன. அந்த வார்த்தையை அவள் இன்னும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை, எனக்கு நானே சொல்லி எனக்கே உறைத்துவிட்டது. காலையிலிருந்து என்ன செய்துகொண்டிருக்கிறேன் நான்? என் பிள்ளைக்குச் சாட்சி தேடி அலைகிறேன். நான் பறித்த இலை ஒரு சாட்சி, அழுகிய வேர் ஒரு சாட்சி, வெள்ளை சிமெண்ட் ஒரு சாட்சி, கடைசியில் இந்த மூன்று கணுத் துண்டிடமும் போய், தாயே, நீ தளிர்விட்டு என் மகள் சுத்தம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன். வழக்கு இருந்தால்தானே சாட்சி? துளிர்த்தால் அவள் மேல் பழி இல்லை என்று சொல்கிறவள், துளிர்க்காவிட்டால் பழி உண்டு என்று ஒப்புக்கொண்டவள்தானே. மதினியாவது வரப்புக்கு வெளியே நிற்கிறார், நான் உள்ளே நின்றுகொண்டு அதே கதையைத்தான் திருப்பிச் சொல்கிறேன். போதும். ஒரு செடி சர்டிபிகேட் கொடுத்துத்தான் என் பிள்ளை தலைநிமிர வேண்டும் என்றால் அப்படிப்பட்ட செடி எனக்கு வேண்டாம். பிழைத்தால் பிழைக்கட்டும், செத்தால் சாகட்டும். அவள்தான் நடப்போகிறாள்.

"தேனு, இங்க வா." வந்தாள். பால்கனி நிலைப்படி வரைக்கும் வந்தாள், அங்கேயே நின்றுகொண்டாள், கால்விரல் நுனிகூட இந்தப் பக்கம் வராமல். "இந்தா, இத நடு." தலையை ஆட்டினாள். "நான் தொட்டா செத்துப்போயிரும்மா." "செத்துப்போனாப் போகுது." நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை, நானும்தான். "செத்துப்போனா இன்னொரு துண்டு நடுவ." "அதுவும் செத்துப்போனா?" "அதுக்கடுத்தது. நர்சரிக்காரன் கடையக் காலி பண்ணுற வரைக்கும் நடுவ. எல்லாத்தையும் நீயே நடுவ, எந்த நாளா இருந்தாலும். செடின்னா சாகும்டி. இந்த வீட்டுல நான் எத்தன கறிவேப்பிலக் கன்னக் கொன்னுருக்கேன், எனக்கு எவளாச்சும் சடங்கு வெச்சாளா?" மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்துவிட்டாள், சிரித்த வேகத்தில் இருமினாள், இருமிக்கொண்டே நிலைப்படியைத் தாண்டி வந்து வாளி முன்னால் உட்கார்ந்தாள். துண்டை அவள் கையில் வைத்தேன். எந்தப் பக்கம் கீழே என்று கேட்டாள், காட்டினேன். விரலால் மண்ணில் குழி பறித்தாள், ஒரு கணு உள்ளே போயிற்று, இரண்டாவது கணுவும் போயிற்று, நுனி இலை வெளியே நின்றது, சுற்றிலும் மண்ணைக் கூட்டி உள்ளங்கையால் அமுக்கினாள், பயத்தோடுதான் அமுக்கினாள், ஆனால் அமுக்கினாள். கீழே இவர் வண்டி நிற்கிற சத்தம். படியில் மதினியின் குரல், "எங்கடி என் ராசாத்தி, அத்தை வந்துட்டேன்டி!" காலையிலிருந்து தயார்பண்ணி வைத்த பேச்சு ஒன்றும் நாக்கில் இல்லை. என் கை தானாகவே அவள் தோளுக்குப் போயிற்று, எழுப்பி உள்ளே அனுப்பிவிடலாம், கையைக் கழுவவைத்துவிடலாம், பிறகு பேசிக்கொள்ளலாம். அழைப்புமணி அடித்தது. இன்னொரு முறையும் அடித்தது. தேன்மொழி திரும்பவே இல்லை, இரண்டு கையும் மணிக்கட்டு வரை மண்ணாக இருந்தது.

"நீ போய்க் கதவத் தெறம்மா. நான் இன்னும் தண்ணி ஊத்தல."